வாளியை வெளியே வைத்தவர்களுக்கு

வலய விஞ்ஞான தின ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

கடந்த தவணை நடந்த விஞ்ஞான தினத்தில் எங்கள் தரம் 12 பிள்ளைகளின் இரண்டு வாளிகளைத் தூக்கி, மண்டபத்துக்கு வெளியே சைக்கிள் கொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். வாளிகள் இருந்த மேசையில் சிறப்புப் பேச்சாளர் கொண்டுவந்த கைந்நூல்களை அடுக்கினீர்கள். ஏன் என்று கேட்டேன். "கலங்கல் தண்ணி ரீச்சர், ஆக்கள் வாற இடம்" என்றார் உங்களில் ஒருவர். அன்று பேசாமல் வந்துவிட்டேன். இரண்டு கிழமை கழித்து உங்கள் சுற்றறிக்கை வந்தது. இனிப் பேசாமல் இருக்க ஏலாது.

வினாடி வினாப் போட்டியின் இரண்டாம் சுற்று முழுக்க அந்தக் கைந்நூலிலிருந்துதான் என்கிறது சுற்றறிக்கை. மாதிரி வினா ஒன்றும் இணைத்திருக்கிறீர்கள். 'மனித உடலில் சுவட்டு உலோகங்கள் மிகச் சரியான அளவில் இருப்பது எதை நிரூபிக்கிறது?' சுவட்டு உலோகம் என்றால் உடம்புக்கு மிகச் சிறிய அளவில் மட்டும் தேவைப்படும் இரும்பு, செம்பு போன்றவை. நான்கு விடைகள். அவற்றில் சரியானது என்று நீங்கள் கீழே கோடிட்டிருப்பது: 'அறிவுள்ள வடிவமைப்பாளர் ஒருவர் இருப்பதை.'

இருபத்திரண்டு வருடமாக வன்னியில் இரசாயனவியல் படிப்பிக்கிறேன். அதில் சில வருடம் மரத்தின் கீழும் தறப்பாளின் கீழும். சோதனைக் குழாய் ஒன்றுகூட இல்லாமல் படிப்பித்திருக்கிறேன். ஆனால் பிழையான விடைக்குப் புள்ளி போடு என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

கடவுள் உண்டா இல்லையா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் பொங்கலுக்குப் போகிறவள் நான். அங்கே கடல்நீரில் விளக்கெரிப்பது வழக்கம். அந்தத் தண்ணீரை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவா என்று நான் கேட்டதில்லை. அம்மாளாச்சியும் இரசாயனவியல் பாடத்தில் தனக்குப் புள்ளி போடச் சொல்லி என்னிடம் கேட்டதில்லை. எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு பிரச்சினையும் இல்லை. பிரச்சினை உங்கள் மாதிரி வினாவில் இருக்கிறது.

சரி, அந்த வாளிகளில் என்ன இருந்தது என்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்கள் பாடசாலைக் குழாய்க்கிணற்றுத் தண்ணீர் அடித்தவுடன் கண்ணாடி மாதிரி இருக்கும். வாயில் வைத்தால் ஆணியை நக்கினது போல ஒரு ருசி. அதை மூடாமல் ஓர் இரவு விட்டால், காலையில் மேலே எண்ணெய் போல ஒரு மெல்லிய படை, அடியில் காவி நிற மண்டி. வெள்ளைச் சட்டை தோய்த்தால் தேத்தண்ணிக் கறை. மண் கலந்ததால் வருகிற நிறம் இல்லை இது. நிலத்தடியில் ஒட்சிசன் இல்லாத இடத்தில் இரும்பு கரைந்த வடிவத்தில், நிறம் காட்டாமல் கிடக்கிறது. மேலே வந்து காற்றைத் தொட்டதும் துருவாகி அடியில் படிகிறது. பிள்ளைகள் ஒரு வாளியை முதல்நாள் பின்னேரம் நிரப்பினார்கள், மற்றதை அன்று காலை ஆறு மணிக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு மட்டை: 'இந்த வாளிக்கும் அந்த வாளிக்கும் இடையில் 240 கோடி வருடம்.' அதை எழுதியது நான் இல்லை, ஒரு பிள்ளை.

ஆதியில் கடல் முழுவதும் காலையில் நிரப்பிய தெளிந்த வாளியாகத்தான் இருந்தது. வளியில் ஒட்சிசன் இல்லை. இரும்பு கடலில் தாராளமாகக் கரைந்து கிடந்தது. அந்தக் கடலில் உருவான நுண்ணுயிர்கள் கைக்கெட்டிய இரும்பையும் கந்தகத்தையும் சேர்த்துத் தங்கள் புரதங்களில் வைத்துக்கொண்டன. பிறகு சயனோபற்றீரியாக்கள் என்ற நீலப்பச்சை நுண்ணுயிர்கள் வெயிலைக் கொண்டு நீரைப் பிளக்கப் பழகி ஒட்சிசனை வெளியே விட்டன. இன்றைக்குச் சுமார் 240 கோடி வருடத்துக்கு முன் அது வளியில் தேங்கத் தொடங்கியது. கடல் இரவு முழுக்க நின்ற வாளியாக மாறத் தொடங்கியது. இரும்பு துருவாகி அடியில் படிந்தது. உலகத்தின் பெரிய இரும்புத்தாதுப் படுக்கைகள் பல அந்தப் பழைய கடல்களின் அடிமண்டிதான்.

உயிர்களுக்கு வந்த கஷ்டத்தைப் பாருங்கள். பழகின கடைக்காரன் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான், வாடிக்கையாளர் இன்னும் அதே வாசலில் நிற்கிறார். பற்றீரியாக்கள் மண்ணில் இருக்கும் துளி இரும்பைப் பிடித்து இழுக்கவென்றே தனி மூலக்கூறுகளைச் செய்து வெளியே விடுகின்றன. நெல்லின் வேரும் அப்படி ஒன்றைக் கசியவிடுகிறது. 1993இல் கலபாகோஸ் தீவுகளுக்குத் தெற்கே திறந்த கடலில் விஞ்ஞானிகள் கொஞ்சம் இரும்பைக் கரைத்துவிட்டார்கள். சில நாளிலேயே அந்த இடத்தில் பாசி பெருகியது. அத்தனை பெரிய கடல், இரும்புக்காகக் காத்துக் கிடந்திருக்கிறது. பூமியில் மிக மலிவான உலோகங்களில் ஒன்று, அதிலேயே உயிர்களுக்குத் தட்டுப்பாடு. திட்டமிட்டு ஏற்பாடு செய்த சமையலறையில் அரிசி இப்படிப் பூட்டிய பெட்டிக்குள் இருக்குமா?

நீங்கள் வெளியே தூக்கி வைத்தது இதைத்தான்.

இனிக் கைந்நூலுக்கு வருகிறேன். முழுவதும் வாசித்தேன், இரண்டு தடவை. அதில் நல்ல பகுதியும் உண்டு என்பதை மறைக்கமாட்டேன். வளர்ந்த ஒருவரின் உடம்பில் 3 முதல் 4 கிராம் இரும்பு, 2 முதல் 3 கிராம் நாகம் (சிங்க்), செம்பு ஏறக்குறைய கிராமில் பத்தில் ஒன்று, கோபால்ற்று ஓரிரு மில்லிகிராம். இவை சரியான எண்கள்தான். நாகத்தை நடுவில் வைத்திருக்கும் காபோனிக் அன்ஐதரேசு என்ற நொதியத்தின் ஒரு மூலக்கூறு, செக்கனுக்குப் பத்து லட்சம் வரை காபனீரொட்சைட்டு மூலக்கூறுகளைக் கையாளும் என்பதும் சரி. வாசிக்கும்போது எனக்கும் புல்லரித்தது. அடுத்த வரியிலேயே 'ஆகவே' என்று ஒரு பாய்ச்சல். அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

'மிகச் சரியான அளவு' என்கிறீர்கள். எங்கள் காலைக் கூட்டத்துக்கு ஒரு நாள் வாருங்கள். வெயில் ஏறுமுன்னரே வரிசையில் ஒரு பெண்பிள்ளை சரியும். பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. ஒருத்தி தண்ணீருக்கு ஓட, ஒருத்தி கொப்பியால் விசிறுவாள். பிறகு குடும்பநல மாது கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளிறிக் கிடக்கும். வீட்டில் முருங்கையிலை, கீரை எல்லாம் சமைக்கிறார்கள்தான். ஆனால் இலையிலுள்ள இரும்பில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும். அதற்குமேல் சோறு தின்ற கையோடு ஒரு பிளேன்ரீ. தேயிலையிலுள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் அந்தக் கொஞ்சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கிளினிக்கில் இரும்புக் குளிசை கொடுக்கும்போது தேத்தண்ணியோடு போடாதேங்கோ, தேசிக்காய்த் தண்ணியோடு போடுங்கோ என்று சொல்வது இதனால்தான். மறுபக்கம், இரும்பு கூடிவிட்டால் அதை வெளியேற்ற நம் உடம்பில் ஒரு வாய்க்கால்கூடக் கிடையாது. குடலில் உள்ளே எடுக்கும் அளவைக் கட்டுப்படுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. கூடின தண்ணீர் வழிந்தோட வான் இல்லாமல், தண்ணீர் உள்ளே வரும் வழியில் மட்டும் கதவு உள்ள குளம் மாதிரி. எங்கள் ஊரில் அப்படி ஒரு குளத்தை ஒருவர் கட்டிக்கொண்டு வந்தால், கமக்கார அமைப்பு அவரைச் சும்மா விடாது.

நாகத்துக்கு வருகிறேன், கடையில் சிங்க் என்று கேட்போமே, அது. என் அப்பா கமக்காரர். ஒரு காலபோகத்தில் எங்கள் பள்ளக்காணியில் மட்டும், விதைத்து மூன்றாம் கிழமை பயிர் வளராமல் குறண்டி நின்றது. இலையில் துருவைத் தூவிவிட்டது போலக் கபிலப் புள்ளி. அப்பா நோய் என்று நினைத்து மருந்து அடித்தார். பிறகு இன்னொரு மருந்து. கடைசியில் விவசாயப் போதனாசிரியர் வரம்பில் குந்தியிருந்து ஒரு நாற்றைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, நாகக் குறைபாடு என்றார். மண்ணில் நாகம் இல்லாமல் இல்லை. தண்ணீர் வடியாமல் நின்ற சேற்றில் அது வேருக்கு எட்டாத வடிவத்துக்குப் போய்விட்டது. நாங்கள் அள்ளிக் கொட்டிய ரி.எஸ்.பி. என்ற பொசுபேற்றுப் பசளை அதை இன்னும் மோசமாக்கியது. இதே நோய்க்குக் காரணம் நாகக் குறைபாடுதான் என்று இந்தியாவின் பந்த்நகரில் நெனே என்ற ஆய்வாளர் 1966இல் காட்டியிருந்தார். அன்றைக்கு அப்பா மருந்துக்கடைக்குப் பட்ட கடன் அடுத்த சிறுபோகம் வரைக்கும் இழுபட்டது. அளவு மிகச் சரியாக இருக்கிறது என்று அந்த வரம்பில் வந்து நின்று சொல்ல உங்களுக்கு மனம் வருமா?

மனிதருக்கும் இதே கதைதான். நாகம் உயிருக்குத் தேவை என்று பிரெஞ்சு ஆய்வாளர் ஜூல் ரோலன் 1869இல் ஒரு பூஞ்சணத்தை வளர்த்துக் காட்டினார். மனிதருக்கு அது குறைந்துபோகலாம் என்று ஏற்றுக்கொள்ள அதற்குப் பிறகு கிட்டத்தட்ட நூறு வருடம் பிடித்தது. ஆனந்த பிரசாத் என்ற இந்திய வைத்தியர் ஈரானில், இருபது வயதிலும் சிறுவர் போலவே நின்றுவிட்ட இளைஞர்களைக் கண்டு 1961இல் எழுதினார். எகிப்தில் 1963இல் நாகக் குறைபாட்டை உறுதிப்படுத்தினார். அவர்கள் தின்ற ரொட்டியின் மாவில் நாகம் இருந்தது. ஆனால் தவிட்டில் உள்ள பைற்றேற்று என்ற சேர்வை அதை விடாமல் பிடித்துக்கொண்டது. பிரசாத் 'எல்லாம் சரியான அளவில் இருக்கிறது' என்ற முடிவோடு அந்த ஊருக்குப் போயிருந்தால், அந்தப் பெடியளைப் பார்த்துவிட்டு இது குலவழி என்று எழுதிவிட்டுத் திரும்பியிருப்பார்.

கைந்நூலின் இரண்டாவது பெரிய வாதம் மொலிப்தனம். நிலத்தில் இத்தனை அரிதான உலோகம் உயிருக்கு இத்தனை முக்கியமாக இருப்பது தற்செயலாக இருக்க முடியாது, யாரோ வேண்டுமென்று வைத்தது என்கிறது. இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வாதம் புதிதில்லை. இதை முதலில் வைத்தவர்களுக்குப் பிறகு என்ன நடந்தது என்பதைக் கைந்நூல் சொல்லாமல் விட்டிருக்கிறது.

டி.என்.ஏ.யின் அமைப்பைக் கண்டவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்கும், இரசாயனவியலாளர் லெஸ்லி ஓர்கெலும் 1973இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பூமியின் உயிர் வேறொரு நாகரிகம் விண்கலத்தில் அனுப்பிய நுண்ணுயிரிலிருந்து வந்திருக்கலாம் என்பது அவர்கள் யோசனை. அதற்குக் காட்டிய குறிப்புகளில் ஒன்று மொலிப்தனம்: பூமியில் அரிது, உயிருக்கோ முக்கியம், ஆகவே உயிர் மொலிப்தனம் மலிந்த வேறோர் இடத்தில் தொடங்கியிருக்கலாம். கெட்டிக்காரத்தனமான வாதம். ஆனால் வேறு ஆய்வாளர்கள் உடனே ஒரு எளிய கேள்வி கேட்டார்கள்: உயிர் கல்லைத் தின்றதா, தண்ணீரைக் குடித்ததா? பாறையில் மொலிப்தனம் அரிதுதான். ஆனால் ஒட்சிசன் உள்ள நீரில் அது நன்றாகக் கரையும். இன்றைய கடல்நீரில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 10 மைக்ரோகிராம் இருக்கிறது. இரும்பு, செம்பு, நாகம் எல்லாவற்றையும் விடக் கூட. ஒட்சிசன் இல்லாத பழைய கடலில் அது குறைவாக இருந்தது, அப்போது உயிர்கள் எப்படிச் சமாளித்தன என்று இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த வாதத்தில் ஒருவருக்கும் வடிவமைப்பாளர் தேவைப்படவில்லை.

வடிவமைப்பாளர் மொலிப்தனத்தைத் தேடி எடுத்தார் என்றால், கொக்கிளாய்க் கரைக்குப் போய் நின்று பாருங்கள். அலை வாரிவிட்டுப் போகும் இடத்தில் கறுப்புக் கோடு கோடாக மணல். அதுதான் இல்மனைற்று. புல்மோட்டையில் அள்ளிப் பிரித்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்களே, அதே மணல். இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனோடு சேர்ந்தது. புவியோட்டில் தைத்தேனியம் மொலிப்தனத்தை விட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். அலுமினியம் அதையும் விட அதிகம்; களிமண்ணில் எல்லாம் இருக்கிறது. ஆனால் தைத்தேனியத்தை வைத்து வேலை செய்யும் நொதியம் ஒன்றுகூட நம் உடம்பில் இல்லை. அலுமினியத்தை வைத்தும் இல்லை. ஏன்? இரண்டும் சாதாரண நீரில் கரையாது. கல்லாகவே கிடக்கும். உயிர் எடுத்தது எல்லாம் தண்ணீர் கரைத்துக் கையில் கொடுத்ததை. பிள்ளைகளை அந்தக் கரைக்குக் கூட்டிப்போய் இந்தக் கறுப்பு மணலை உள்ளங்கையில் வைத்துக் கேட்டுப் பாருங்கள், அவர்களே சொல்வார்கள்.

மொலிப்தனத்துக்கு ஏன் அவ்வளவு மவுசு என்பதையும் ஒரு கச்சான் செடியில் காட்டலாம். ஈரமண்ணில் மெதுவாகப் பிடுங்கினால் வேரில் குண்டூசித் தலை போலக் கணுக்கள். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு, கிட்டத்தட்ட இரத்தம். அது இலெக்குஈமோகுளோபின், நம் இரத்த நிறத்தின் தூரத்துச் சொந்தம். அங்கேயிருக்கும் பற்றீரியாக்களின் நைதரசனேசு என்ற நொதியம் காற்றின் நைதரசனை அமோனியாவாக்குகிறது. அதன் நடுவில் இரும்பும் ஒரு மொலிப்தன அணுவும். அசற்றோபக்டர் போன்ற மண் பற்றீரியாக்களுக்கு மொலிப்தனம் கிடைக்காவிட்டால் வனேடியம் வைத்த நொதியத்தை எடுக்கும்; அதுவும் இல்லையென்றால் வெறும் இரும்பு வைத்தது. வேலை மந்தம்தான், ஆனாலும் நடக்கும். கடலில் தயற்றம் என்ற நுண்பாசியில் ஒரு வகை, நாகம் குறைந்த இடத்தில் கட்மியத்தை வைத்துக் காபோனிக் அன்ஐதரேசை ஓட்டுகிறது. கட்மியம்! நமக்கு அது நஞ்சு. இருக்கிறதைக் கொண்டு சமைக்கிற வீட்டில்தான் இப்படியெல்லாம் நடக்கும்.

மூன்றாவது, ஈமோகுளோபின். 'இரும்பை விட்டால் ஒட்சிசனைச் சுமக்க வேறு வழியே இல்லை' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. எழுதியவர் நந்திக்கடல் நண்டை உயிரோடு உடைத்துப் பார்த்ததில்லை போல. என் வகுப்பில் கரைச்சிப் பக்கப் பிள்ளைகளும் உண்டு, கடற்கரைப் பிள்ளைகளும் உண்டு. கடற்கரைப் பிள்ளைகளுக்கு நான் சொல்லவே தேவையில்லை. காலை முறித்தால் வருகிற நீர் கொஞ்ச நேரத்தில் வெளிர்நீலம் தட்டும். நண்டும் இறாலும் ஒட்சிசனைச் சுமப்பது செம்பில். கணவாயும் செம்பில்தான், ஆனால் அதன் புரதம் நண்டினுடையதிலிருந்து வேறாக, தனியாகக் கூர்ப்படைந்தது. அந்தாட்டிக்காவின் குளிர்க்கடலில் ஒரு மீன் குடும்பத்துக்கு ஈமோகுளோபினே இல்லை. இரத்தம் தண்ணீர் நிறம்.

கோபால்ற்றையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். விற்றமின் பி12 இன் நடுவில் ஒரு கோபால்ற்று அணு இருக்கிறது. அந்த மூலக்கூறின் அமைப்பைக் கண்டறிந்தது பிரித்தானிய இரசாயனவியலாளர் டொரதி ஹொட்ஜ்கினின் பெரிய வேலைகளில் ஒன்று. 1964இல் நோபல் பரிசு பெற்றார். அந்த விற்றமினை நம் பெருங்குடலில் இருக்கும் பற்றீரியாக்களும் செய்கின்றன. ஆனால் உறிஞ்சும் இடம் சிறுகுடலின் கடைசியில், அதாவது அதற்கு முன்னால். செய்த சாமான் கடை தாண்டிய பிறகுதான் கைக்கு வருகிறது. சைவக்காரர் பாலையும் தயிரையும் நம்பியிருக்க வேண்டிய நிலை இதனால்தான்.

வடிவமைப்பு என்ற சொல்லே பிழை என்று நான் சொல்லவில்லை. இரணைமடுக் குளத்தை ஒருவர் வடிவமைத்தார்தான். எப்படித் தெரியும்? வரைபடம் இருக்கிறது, செலவுக் கணக்கு இருக்கிறது, கல் எங்கிருந்து வந்தது என்று தெரியும், கட்டினவர்கள் மனிதர், மனிதர் குளம் கட்டுவார்கள் என்று தெரியும். வழியில் கிடந்த கடிகாரத்தைக் காட்டி, அதைச் செய்தவர் ஒருவர் இருப்பது போல உயிரைச் செய்தவரும் ஒருவர் இருக்கவேண்டும் என்று வில்லியம் பேலி 1802இல் வைத்த வாதமும், எல்லாப் பகுதியும் ஒரே நேரத்தில் இருந்தால்தான் வேலை செய்யும் என்று உயிரிரசாயனவியலாளர் மைக்கேல் பீகி 1996இல் வைத்த வாதமும் இந்தச் சாட்சியங்களில் ஒன்றையும் தருவதில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டோவர் என்ற ஊரின் பாடசாலைச் சபை இந்த 'அறிவுள்ள வடிவமைப்பு' வாதத்தை உயிரியல் வகுப்பில் நுழைக்கப் பார்த்து, வழக்கு நடந்து, 2005 டிசம்பர் 20இல் நீதிபதி ஜோன் ஜோன்ஸ் இது விஞ்ஞானம் இல்லை என்று தீர்ப்பளித்தார். அந்த வழக்கில் பீகியே, தான் சொல்லும் வரைவிலக்கணப்படி பார்த்தால் சோதிடமும் விஞ்ஞானக் கொள்கைக்குள் வரும் என்று ஒப்புக்கொண்டார். நமக்குச் சோதிடம் வேண்டுமென்றால் ஊரில் ஆள் இருக்கிறார், விஞ்ஞான தினம் தேவையில்லை.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இரும்புக்கும் செம்புக்கும் ஏன் இப்படிப்பட்ட இயல்புகள், உலகத்தின் விதிகள் ஏன் உயிருக்கு இடம் கொடுக்கும்படி இருக்கின்றன என்று வடிவமைப்பு வாதத்தை ஆதரிக்கும் மைக்கேல் டென்டன் போன்றோர் கேட்கும் கேள்வி மடத்தனமானது இல்லை. இரவில் முற்றத்தில் பாய் விரித்துப் பேசவேண்டிய கேள்வி. ஆனால் அதற்கு நான்கு விடை கொடுத்து ஒன்றைக் கோடிட முடியாது.

இனி, என்னால் மறக்க ஏலாத விஷயத்துக்கு வருகிறேன்.

பேச்சாளர் 'உங்கள் உடலில் உள்ள ஒவ்வொரு உலோக அணுவும் ஒரு கையெழுத்து' என்று முடித்தார். கேள்வி உண்டா என்று கேட்டார். வாளி செய்த நால்வரில் ஒரு பிள்ளை எழும்பினாள். "சேர், எங்கட அம்மான்ர தோளுக்குள்ளயும் இரும்பு இருக்கு. ஷெல் துண்டு. எடுக்க ஏலாதெண்டு விட்டிட்டினம். அதுவும் கையெழுத்தோ?"

மண்டபத்தில் சத்தமில்லை. அங்கே இருந்த பெற்றோரில் எத்தனை பேர் தங்கள் உடம்பில் இப்படி ஒன்றோடு இருந்தார்கள் என்று எண்ணவேண்டிய தேவை எனக்கில்லை. வன்னியில் இருப்பவர்களுக்குத் தெரியும். பேச்சாளர் வாயைத் திறக்கும் முன்னரே, மேடையில் இருந்த உங்களில் ஒருவர் ஒலிவாங்கியை எடுத்து, "பிள்ளை, சம்பந்தமில்லாத கேள்வி, இருங்கோ" என்றார். அவள் இருந்தாள். அன்று முழுக்க அவள் வாளியைப் பார்க்கவும் போகவில்லை.

அந்தக் கேள்வி சம்பந்தமுள்ளது. அன்று கேட்ட கேள்விகளில் விஞ்ஞானக் கேள்வி அது ஒன்றுதான். அந்தத் தாயின் தோளில் இருக்கும் துண்டின் நிறை, அவருடைய இரத்தத்திலும் ஈரலிலும் தசையிலும் உள்ள முழு இரும்பின் நிறையை விடக் கூடவாக இருக்கலாம். ஆனாலும் அவர் மாதாமாதம் கிளினிக்கில் வரிசையில் நின்று இரும்புக் குளிசை வாங்குகிறார். உடம்பு அந்தத் துண்டைச் சுற்றித் தழும்புத் தசையால் சுவர் கட்டிவிட்டது. அதிலிருந்து ஈமோகுளோபினுக்கு ஒன்றும் எடுக்காது. உலோகம் உள்ளே இருப்பது ஒன்று, உயிர் எடுத்துப் பாவிக்கக்கூடிய வடிவத்தில் இருப்பது வேறொன்று. கரைந்த இரும்பு, துருவான இரும்பு, துண்டாகக் கிடக்கும் இரும்பு. இரண்டு வாளியும் ஒரு தோளும். சுவட்டு உலோகங்களைப் பற்றி ஒரு பாடவேளை முழுக்க நான் படிப்பிப்பதை அவள் ஒரே கேள்வியில் கேட்டாள். நீங்கள் இருக்கச் சொன்னீர்கள்.

வாளிக்குப் பின்னால் சுவரில் ஒரு கிணற்று வரைபடமும் ஒட்டியிருந்தது, அதையும் சுருட்டினீர்கள். பதினொரு கிணறு, போத்தலில் சவர்க்காரம் போட்டுக் குலுக்கி நுரையின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்து கண்ட தண்ணீரின் வன்மை (கல்சியம், மக்னீசியம் கரைந்திருக்கும் அளவு). புளோரைட்டுக்கு நிறம் போடாமல் இடம் விட்டிருந்தார்கள், அதைப் பார்க்க எங்களிடம் வசதியில்லை. புளோரைட்டு உலோகமில்லைதான், ஆனாலும் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், நம் வறண்ட வலயத்தில் அதைத் தாண்டும் கிணறுகள் உண்டு, சின்னப் பிள்ளைகளின் பல்லில் கபிலக் கோடு தெரிகிறது. வவுனியாப் பக்கத்துச் சிறுநீரக நோய்க்கு வன்நீர், புளோரைட்டு, கட்மியம், விவசாய இரசாயனம், வெயில் என்று பலதையும் ஆராய்ந்தும் காரணம் இன்னும் முடிவாகவில்லை. இந்தப் பிள்ளைகளில் யாராவது ஒருத்திதான் அதை நாளைக்குக் கண்டுபிடிக்க வேண்டும்.

என் கேட்புகள் இவை.

இரண்டாம் சுற்றிலிருந்து அந்தக் கைந்நூலை எடுத்துவிடுங்கள். போட்டிக்கு முன் எல்லாப் பாடசாலைக்கும் திருத்திய சுற்றறிக்கை அனுப்புங்கள். வாய்மொழியாக அதிபர்களுக்குச் சொல்லிவிடுவது போதாது, ஏனென்றால் பிள்ளைகள் ஏற்கெனவே மனப்பாடம் செய்யத் தொடங்கிவிட்டார்கள். மாதிரி வினா பிழையானது என்று அதில் எழுதுங்கள். கைந்நூலை யாரும் சொந்த விருப்பத்தில் வாசிப்பதை நான் தடுக்கக் கேட்கவில்லை. விஞ்ஞானப் போட்டியின் பாடநூலாக அது இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

வாளிக் காட்சியும் கிணற்று வரைபடமும் அன்று மதிப்பீட்டுக்கு எடுக்கப்படவில்லை. நடுவர்களை எங்கள் பாடசாலைக்கு அனுப்புங்கள். குழாய்க்கிணறு அங்கேதான் இருக்கிறது, பிள்ளைகள் இன்னொரு தடவை அடித்துக் காட்டுவார்கள். முதல்நாள் பின்னேரம் எனக்குச் சொல்லிவிட்டால் போதும், ஒரு வாளியை இரவு வெளியே விடவேண்டும்.

அடுத்த வருடப் பேச்சாளரைத் தெரிவுசெய்யும்போது, அறிவியல்நகரில் விவசாய பீடம் இருக்கிறது, வவுனியாவில் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஒவ்வொரு ஊரிலும் குடும்பநல மாதும் விவசாயப் போதனாசிரியரும் இருக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். பேச்சின் சுருக்கத்தை முன்கூட்டியே விஞ்ஞான ஆசிரியர்களுக்கு அனுப்புங்கள்.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும். பேச்சாளரிடம் இருந்தென்றாலும் சரி, உங்களிடம் இருந்தென்றாலும் சரி. அத்தோடு, அவளை இருக்கச் சொன்னவர் அவளிடம் நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் அவளுக்கு வகுப்பில் பதில் சொல்லிவிட்டேன், ஆனால் அவள் கேட்டது என்னை இல்லை.

உங்கள் பதிலைத் தவணை விடுமுறைக்கு முன் எதிர்பார்க்கிறேன்.

முல்லைத்தீவு மாவட்டத்து இரசாயனவியல் ஆசிரியை ஒருத்தி